திருடினால்தான் வளரும்

மணி பிளாண்ட் பூத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பார்த்தவர் யாரும் இல்லை. கேட்டால், "அது பூக்காதுப்பா, அது கொடி" என்பார்கள். மல்லிகையும் முல்லையும் கொடிதான், அவை பூக்கவில்லையா என்று எதிர்க்கேள்வி கேட்கலாம். ஆனால் தாவரவியலாளர்களிடம் போனாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான் கிடைக்கும். இந்தச் செடி தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அதற்குக் காரணம் சொன்னது. பூக்கும் பருவத்தைத் தொடங்கிவைக்கும் ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. தெளிக்காவிட்டால் இல்லை.

பூ இல்லை என்றால் காய் இல்லை, விதை இல்லை. விதை இல்லாத ஒரு செடி மதுரையின் சந்து வீட்டிலும், சிங்கப்பூரின் அடுக்குமாடியிலும், லண்டன் அலுவலகத்தின் லிஃப்ட் பக்கத்திலும் இருக்கிறது. காற்றில் போகவில்லை, பறவை எச்சத்தில் போகவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கணுவுக்குக் கீழே நறுக்கி எடுத்துப் போயிருக்கிறார். அப்படியென்றால் உங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பது அந்தப் பழைய கொடியின் குழந்தை அல்ல. அதே கொடியின் ஒரு துண்டு. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், நூற்று நாற்பது ஆண்டுகளாகக் காப்பி-பேஸ்ட் மட்டுமே நடந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காப்பி-பேஸ்ட்டின் வரலாற்றைத் தேடிப் போனபோது நான் எதிர்பார்க்காத இடங்களுக்கெல்லாம் போக வேண்டியிருந்தது. அதில் ஒன்று என் குடும்பம்.

*

1880-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருந்து வெளிவந்த ஒரு தோட்டக்கலை இதழில் இந்தச் செடி முதன்முதலாகப் பெயர் பெற்றது. பெயரிட்டவர்கள் ழான் லிண்டன், எத்துவார் ஆந்த்ரே. லிண்டன் சாதாரண ஆள் இல்லை. தென்னமெரிக்கக் காடுகளில் இளவயதில் அலைந்து, பிறகு ஐரோப்பாவின் பெரிய ஆர்க்கிட் வியாபாரிகளில் ஒருவரானவர். அவர்கள் வைத்த பெயர் 'பொத்தோஸ் ஆரியஸ்'. 'ஆரியஸ்' என்றால் பொன்னிறம். இலையில் தெறித்திருக்கும் மஞ்சளைத்தான் சொல்கிறார்கள்.

'பொத்தோஸ்' என்ற முதற்பாதி நமக்குப் பக்கத்து ஊர். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராகக் கொழும்பில் இருந்த பால் ஹெர்மன் அங்கே செடிகளை உலர்த்திச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய புத்தகத்தை எழுதினார். இந்த வகைக் கொடி ஒன்றுக்குச் சிங்களத்தில் வழங்கிய 'பொத்தா' என்ற சொல்தான் லத்தீனில் 'பொத்தோஸ்' ஆனது. இன்று இன்ஸ்டாகிராமில் அமெரிக்கப் பெண் ஒருவர் 'கோல்டன் பாத்தோஸ்' என்று சொல்லும்போது, தெரியாமலே பாதி சிங்களம் பேசுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், அறிவியல் அந்தப் பெயரை எப்போதோ கைவிட்டுவிட்டது. பூவைப் பார்க்காமல் ஒரு செடியை எந்தப் பேரினத்தில் வைப்பது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1962-இல் அபூர்வமாக ஒன்று பூத்தபோது வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இன்னொன்றுக்கு. இப்போதைய பெயர் 'எபிப்ரெம்னம் ஆரியம்'. சொந்த ஊரிலும் இதே குழப்பம்தான். சாலமன் தீவுகள் என்று புத்தகங்கள் நெடுநாள் எழுதிக்கொண்டிருந்தன. இன்று தாவரவியலாளர்கள் ஏற்பது தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரெயா என்ற தீவை. பழைய சென்னை மாநகராட்சி எல்லையைவிடச் சிறிய தீவு.

பசிபிக் நடுவே அவ்வளவு சிறிய ஒரு தீவு. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம். உப்புக்காற்று, வெயில், குளிர் எல்லாம் உண்டு. குடிநீர் மனிதருக்கே அளந்துதான். விதையும் இல்லாத ஒரு கொடி எப்படி உயிரோடு போய்ச் சேர்ந்திருக்கும்?

*

அந்தக் காலத்தில் பெரும்பாலான செடிகள் உயிரோடு போய்ச் சேரவில்லை. மக்காவ்வில் மருத்துவராக இருந்த ஜான் லிவிங்ஸ்டன் 1819-இல் ஒரு கணக்குச் சொன்னார்: சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிரோடு போய்ச் சேர, ஆயிரம் செடி வழியில் சாகிறது.

பத்து ஆண்டு கழித்து, 1829-இல், லண்டன் துறைமுகத்துக்கு அருகே வெல்க்ளோஸ் சதுக்கத்தில் வசித்த நதானியேல் பாக்ஷா வார்ட் என்ற மருத்துவர் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணில் வைத்து, கண்ணாடிப் புட்டிக்குள் மூடிவைத்தார். அவருக்குப் பூச்சி வெளிவருவதைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறு. மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருந்தன. அவர் வீட்டுத் தோட்டத்தில் பெரணி வளர்க்க எவ்வளவோ முயன்றும் லண்டனின் நிலக்கரிப் புகை அதையெல்லாம் கொன்றிருந்தது. புட்டிக்குள் மட்டும் அது சுகமாக இருந்தது. பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. இரவில் வழிந்து மண்ணுக்கே திரும்பியது. தண்ணீரே ஊற்றாமல் ஏறக்குறைய நான்கு ஆண்டு அவை வாழ்ந்தன.

அவர் அடுத்து செய்ததை எந்த இன்ஜினியரும் ரசிப்பார். லேப்டாப்பில் ஓடுவது சர்வரில் ஓடுமா என்று பார்த்தார். 1833-இல் மரச்சட்டமும் கண்ணாடியும் வைத்துச் செய்த இரண்டு பெட்டிகளில் பெரணி, பாசி, புல் வகைகளை அடைத்து, சிட்னிக்குப் போகும் கப்பலின் மேல்தளத்தில் வைத்து அனுப்பினார். ஆறு மாதம் கழித்து அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. திரும்பி வரும்போது ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பி அனுப்பினார்கள். தென்னமெரிக்க முனையைச் சுற்றும்போது கப்பல் தளத்தில் பனி பெய்தது. பெட்டிக்குள் இருந்தவை தாங்கின. லாடிஜஸ் என்ற நர்சரிக்காரர், முன்பு இருபதில் பத்தொன்பது சாகும், இப்போது இருபதில் பத்தொன்பது பிழைக்கிறது என்றார்.

வீட்டுக்குள் செடி வளர்ப்பது என்ற பழக்கத்தின் நவீன வடிவம் இந்தப் பெட்டியைச் சுற்றித்தான் உருவானது. 1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடி மலிந்தது, ஜன்னல்கள் அகலமாயின, நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறையில் அலங்காரமான வார்டியன் பெட்டிகள் வந்தன. முதலில் பெரணி மோகம். அதன் பிறகு வந்தது இலை மோகம்.

*

பூவை விட்டுவிட்டு இலையை ரசிப்பது அப்போது ஐரோப்பாவுக்குப் புதுசு. அதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. இருட்டான அறையில் பூ வராது. இலை எப்போதும் இருக்கும். அந்த இலையிலேயே வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருந்தால் பூவே தேவையில்லை. அஸ்ஸாமிலிருந்து ரெக்ஸ் பெகோனியா, பிரேசிலிலிருந்து கலேடியம். வீட்ச் நர்சரிக் குடும்பத்து இளைஞர் ஜான் கூல்ட் வீட்ச் 1860-களின் நடுவில் தென்கடல் தீவுகளுக்கே போய் வண்ண இலைச் செடிகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்தார். அதில் முக்கியமானது நாம் குரோட்டன்ஸ் என்று சொல்லும் செடி. தாலுகா ஆபீஸ் வாசலிலும் பள்ளிக்கூட மைதான ஓரத்திலும் நாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோகும் அதே குரோட்டன்ஸ், விக்டோரியா காலத்து லண்டனில் பணக்காரர்களின் கண்ணாடி அறையில் வெந்நீர்க் குழாய் சூட்டில் வளர்க்கப்பட்ட பொக்கிஷம்.

ஐரோப்பாவுக்கு முன்பே இந்த ருசியில் ஊறியிருந்தது ஜப்பான். வார்ட் புட்டியை மூடிய அதே 1829-இல், எடோவில் மிஸுனோ தாதாதோஷி என்ற சாமுராய் 'சோமோகு கின்யோஷூ' என்ற நூலை வெளியிட்டார். நூற்றுக்கணக்கான செடிகளின் படம், எல்லாமே இலையில் நிறம் கலந்தவை. இலையின் விளிம்பில் மட்டும் வெள்ளை ஓடினால் அதற்கு 'ஃபுகுரின்' என்று ஒரு பெயர். கோடு விழுந்தால் இன்னொரு பெயர், புள்ளி தெறித்தால் வேறொன்று. நாம் மாட்டுக்கு மயிலை, செவலை, காரி என்று பெயர் வைத்ததுபோல. தொட்டிச் செடிகளின் விலை எகிறி, அரசாங்கமே ஆடம்பரம் என்று தடை போடும் அளவுக்கு அந்த மோகம் போனது.

1860-இல் ஜப்பானுக்குப் போன ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தச் செடிகளைப் பார்த்து அசந்துபோனார். அவர் தேடிப்போனது ஓர் ஆண் செடியை. ஆகுபா என்ற புதர்ச்செடி, பச்சை இலையில் மஞ்சள் தெளித்தது, 1783 முதல் இங்கிலாந்தில் இருந்தது. வெப்பமண்டலச் செடி அல்ல. லண்டன் புகையையும் தாங்கும். ஆனால் வந்தது பெண் செடி மட்டும். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண் செடியையே நறுக்கி நறுக்கி நட்டிருந்தார்கள். ஒரு சிவப்புக் காய்கூட யாரும் பார்த்ததில்லை. ஃபார்ச்சூன் ஆண் செடியைக் கண்டுபிடித்து வார்டியன் பெட்டியில் அனுப்பினார். அதன் பிறகுதான் இங்கிலாந்தின் ஆகுபாக்கள் காய்த்தன.

இந்த ஃபார்ச்சூனை வேறொரு பெயரிலும் வரலாறு அறியும். தேயிலைத் திருடன்.

*

1848-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. தலையை மழித்து, சடை வைத்து, சீன உடை உடுத்தி, வெளிநாட்டவர் போகக் கூடாத உள்நாட்டுத் தேயிலை மலைகளுக்குள் போனார். தேயிலை விதை சீக்கிரம் உயிர்விட்டுவிடும். அதனால் வார்டியன் பெட்டியின் மண்ணிலேயே விதைகளைத் தூவி அனுப்பினார். கப்பல் கல்கத்தாவை நெருங்கும்போது முளைத்து நின்றன. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 செடிகளும், கூடவே சீனத் தொழிலாளிகளும் இமயமலை அடிவாரத்துத் தோட்டங்களுக்குப் போனார்கள். இந்தியாவில் கடைசியில் பெரும்பாலும் நிலைத்தது அஸ்ஸாம் தேயிலைதான். ஆனால் வழி தெரிந்துவிட்டது. ஒரு நாட்டின் செல்வத்தை ஒரு பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம்.

அடுத்தது மலேரியாவுக்கு மருந்தான கொய்னா. 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து சின்கோனாச் செடிகளை வார்டியன் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு பனாமா, இங்கிலாந்து, செங்கடல், பம்பாய் வழியாக ஊட்டிக்கு வந்தார். செங்கடல் வெயிலில் பெட்டிகள் வெந்தன; செடிகள் பிழைக்கவில்லை. பிறகு வந்த விதைகளை முளைக்கவைத்தவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. அங்கே வேலை செய்தவர்களில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு.

அதற்கடுத்தது ரப்பர். 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் கரையிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தது 2,700 அளவுக்குத்தான். அதில் 1,919 கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் ஏறி, அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. கொழும்புக்கு வடக்கே ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்டார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. விக்கம் செய்தது திருட்டுதானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அன்று பிரேசிலில் அதைத் தடுக்கும் சட்டம் இல்லை என்பார்கள். சட்டம் இருந்ததோ இல்லையோ, இன்னும் நாற்பது ஆண்டுக்குள் பிரேசிலின் ரப்பர் வியாபாரம் சரிந்தது, மலாயாவும் இலங்கையும் எழுந்தன.

எழுப்பியவர்கள் யார் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவின் தாத்தா ஒரு கங்காணியின் பேச்சைக் கேட்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது இரண்டே வாக்கியம். 'இருட்டோட எந்திரிச்சுப் போவாராம். மழை பேஞ்சா கூலி கெடையாதாம்.' ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதை போடத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கூட்டிப்போனார்கள். அதில் மிகப் பலர் திரும்பவில்லை. இவரும் திரும்பவில்லை. அந்த ரயிலில்தான் போனார் என்பதற்கு எங்களிடம் காகிதம் எதுவும் கிடையாது. போனார், கடிதம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

38 பெட்டி, 1,919 கன்று என்று கன்றுகளுக்கு மட்டும் துல்லியமான கணக்கு இருப்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் திருப்ப முடியவில்லை. எந்தக் கப்பலில் ஏறியது, எத்தனை பிழைத்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று எல்லாம் இருக்கிறது. செடியைக் கொண்டுபோன கண்ணாடிப் பெட்டியும் மனிதரைக் கொண்டுபோன கப்பலின் அடித்தளமும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பாதிகள். ஒரு பாதிக்கு வெளிச்சமும் ஈரமும் கவனமும் கிடைத்தன.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. மணி பிளாண்ட்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, கேட்டும் வாங்கக் கூடாது. அடுத்தவர் வீட்டிலிருந்து தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் வளரும், பணமும் சேரும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத நம்பிக்கை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரவியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

*

சரி, அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது?

இதற்கான முதல் நல்ல பதில் அந்திமந்தாரையிடமிருந்து கிடைத்தது. (பெயர் அவ்வளவு தமிழாக இருந்தாலும் அதுவும் தென்னமெரிக்கச் சரக்குதான்.) 1909-இல் ஜெர்மானியர் கார்ல் காரென்ஸ் ஓர் அந்திமந்தாரையை எடுத்துக்கொண்டார். அதே செடியில் சில கிளைகள் முழுப்பச்சை, சில முழுவெள்ளை, சில கலப்பு. எந்தக் கிளையின் மகரந்தத்தை எந்தக் கிளையின் பூவில் வைத்தாலும் முடிவு ஒன்றுதான்: குழந்தைச் செடி தாய்க் கிளையைப் போலவே வந்தது. பச்சைக் கிளையின் பூ பச்சைக் கன்று தந்தது. வெள்ளைக் கிளையின் பூ வெள்ளைக் கன்று தந்தது. கலப்புக் கிளையின் பூவிலிருந்து மூன்றும் வந்தன. தந்தை யாரென்பது கணக்கிலேயே வரவில்லை. மெண்டலின் விதிகளை மீண்டும் கண்டெடுத்தவர்களில் ஒருவரே, அந்த விதிக்கு அடங்காத ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்.

அதே ஆண்டு எர்வின் பாவுர் ஜெரேனியம் வகைச் செடியில் செய்த சோதனைகளிலிருந்து காரணத்தை ஊகித்தார். இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகங்கள் செல்லின் உட்கருவுக்கு வெளியே இருக்கின்றன; அவை தமக்கென்று தனிப் பரம்பரை வைத்திருக்கின்றன. அவற்றுக்குள்ளேயே டிஎன்ஏ இருப்பது 1960-களில் உறுதியானது. ஒரு செல்லில் இந்தக் கணிகம் கெட்டுப்போனால் அதன் வாரிசுச் செல்கள் எல்லாம் வெளுத்தவை. நல்ல செல்லும் கெட்ட செல்லும் ஒரே தண்டில் சேர்ந்து வளரும்போது நமக்குக் கிடைப்பது 'வேரிகேட்டட்' செடி. எல்லாச் செடியிலும் இதே கதை இல்லை. ரெக்ஸ் பெகோனியாவின் வெள்ளி நிறம், தோலுக்கு அடியில் இருக்கும் காற்றிடைவெளி தரும் பளபளப்பு. 1868-இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வீட்ச் கொண்டுவந்து பிரபலமாக்கிய ஒரு துத்திச் செடியின் அழகான மஞ்சள் திட்டு, வைரஸ் நோய்.

காரென்ஸின் வெள்ளைக் கன்றுகள் என்ன ஆயின? விதையில் இருந்த உணவு தீரும்வரை இருந்து, செத்தன. வெள்ளைக்குச் சமைக்கத் தெரியாது. தாய்ச்செடியில் ஒட்டியிருந்தவரை வெள்ளைக் கிளை நன்றாகத்தான் இருந்தது. பச்சைக் கிளைகள் சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தன.

*

வேரிகேட்டட் செடி வளர்ப்பது பற்றி ரீல்ஸில் வரும் நூறு குறிப்புகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புபவைதான்.

முதலில் வெளிச்சம். உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஜன்னல் ஓரம் நேர்வெயில் படாத இடத்தில் சில ஆயிரம். அறையின் உட்புறச் சோபா ஓரத்தில் 200-கூட இருக்காது. நம் கண் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும், அதனால் 'ரூம் நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு' என்று தோன்றும். போனில் ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். முழுப்பச்சை மணி பிளாண்ட் அந்தச் சோபா ஓரத்திலும் காலம் தள்ளும். பாதி வெள்ளையான இலைக்கு அது பட்டினி. அது ஜன்னலுக்கு நெருங்கி இருக்க வேண்டும். கிழக்கு ஜன்னல் உத்தமம். மேற்கு வெயில் ஆகாது. பச்சையம் இல்லாத பகுதிதான் முதலில் கருகும்.

அடுத்தது தண்ணீர். சமையல் குறைவு என்றால் வளர்ச்சி குறைவு, குடிப்பதும் குறைவு. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். தோட்டத்துச் செம்மண் தொட்டியில் இறுகிவிடும்; தென்னை நார்த்தூளும் பெர்லைட்டும் கலந்தால் வேர் மூச்சுவிடும்.

மூன்றாவது, கத்தரி. இதில்தான் எனக்குச் சிரமம். கலப்புச் செடியில் அவ்வப்போது ஒரு கிளை முழுப்பச்சையாகக் கிளம்பும். அது வேகமாக வளரும், ஏனென்றால் அதற்கு முழுச் சாப்பாடு இருக்கிறது. விட்டால் சில மாதத்தில் செடியே பச்சையாகிவிடும். வெள்ளை வேண்டுமென்றால் அந்தப் பச்சைக் கிளையை வெட்ட வேண்டும். அதாவது இருப்பதிலேயே ஆரோக்கியமான பகுதியை. செடி தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நாம் கத்தரியோடு போய் நிற்கிறோம். சாஃப்ட்வேரில் 'இது பக் இல்லை, ஃபீச்சர்' என்று ஒரு பழைய ஜோக் உண்டு. இங்கே பக் தானாகச் சரியாவதைத் தடுப்பதற்குப் பெயர்தான் பராமரிப்பு.

இவ்வளவும் வீட்டுக்குள். மணி பிளாண்ட்டை வெளியே ஒரு மரத்தடியில் விட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று ஏறி, இலை முறம் அளவுக்கு விரிந்து, ஓரம் கிழிந்து, வேறு செடிபோல ஆகிவிடும். இலங்கையில் அது காட்டுக்குள் புகுந்து பரவும் ஆக்கிரமிப்புச் செடி. நாம் வீட்டில் பார்க்கும் கையகல இலை, அதன் குழந்தைப் பருவம். தொட்டி அதை வளரவிடாமல் வைத்திருக்கிறது. குளிர்நாட்டுக்காரனுக்கு வேறு வழியில்லாமல் கண்ணாடிக்குள் வைத்தான். வெப்பமண்டலத்தில் இருக்கிற நாம் ஏசி போட்டு, திரை போட்டு, அறையை லண்டன் ஆக்கிவிட்டு, பிறகு அதற்குள் ஒரு வெப்பமண்டலச் செடியைக் கொண்டுவந்து, ஈரப்பதம் போதவில்லை என்று ஸ்ப்ரே அடிக்கிறோம்.

*

கொரோனா ஆண்டுகளில் இந்தப் பழைய மோகம் மறுபடி வந்தது. 2021-இல் நியூசிலாந்து இணைய ஏலம் ஒன்றில், வெள்ளை கலந்த ராபிடோஃபோரா செடி ஒன்று 19,297 நியூசிலாந்து டாலருக்குப் போனது. அதில் இருந்தது ஒன்பது இலை. ஒரே ஒரு கணுவை மட்டும் நறுக்கி ஆயிரக்கணக்கில் விற்றார்கள். பிங்க் காங்கோ என்று ஒரு ஃபிலோடெண்ட்ரான் வந்தது. ரசாயனம் ஏற்றி வரவழைத்த இளஞ்சிவப்பு. சில மாதத்தில் புது இலைகள் பச்சையாக வர, வாங்கியவர்கள் தலையில் கைவைத்தார்கள். பிலிப்பைன்ஸ் காடுகளில் செடித் திருட்டு பெருகியதாக அரசே எச்சரித்தது. தென்னாப்பிரிக்கப் பாலைநிலங்களில் கூழாங்கல் போன்ற சின்னச் சதைச்செடிகளை மூட்டைமூட்டையாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வார்டியன் பெட்டி இல்லை, கூரியர் பார்சல்.

பிறகு திசுவளர்ப்பு ஆய்வகங்கள் விழித்துக்கொண்டன. தாய்லாந்து ஆய்வகத்தில் பிறந்த 'தாய் கான்ஸ்டலேஷன்' மான்ஸ்டெரா லட்சக்கணக்கில் வெளிவர, விலை இறங்கியது. அரிது என்பது மட்டுமே அழகாக இருந்தவர்கள் அடுத்த செடிக்குப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் எனக்கு வேரிகேட்டட் செடி பிடிக்காமல் போகவில்லை. ஜன்னலில் ஒரு மார்பிள் குயீன் இருக்கிறது. காலையில் வெயில் சாய்வாக வரும்போது அதன் வெள்ளைப் பகுதிக்குள் ஒளி நிற்பது தெரியும். ரசிக்கத்தான் செய்கிறேன். ரசிக்கும்போது பச்சைப் பகுதியையும் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கீழ்வீட்டு அக்கா மாடிக்கு வந்தவர், அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கத்தரியை எடுத்து, இரண்டு கணு இருக்கும்படி ஒரு துண்டு நறுக்கித் தரப் போனேன். பாதிப் பச்சை, பாதி வெள்ளை, நல்ல துண்டு. அக்கா பதறிப்போய்க் கையைத் தடுத்தார்.

"ஐயோ, நீ குடுத்தா வளராது தம்பி. நீ உள்ள போயி தண்ணி எடுத்துட்டு வா. நான் பாத்துக்குறேன்."

உள்ளே போனேன். செம்பை நிரப்பிக்கொண்டு கொஞ்சம் தாமதமாகவே வந்தேன்.